கால்நடைக் கழிவை நொதிக்க வைத்து எருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம், குதிரைச் சாணம், பன்றிக் கழிவு எல்லாமே எருவாகக் கூடிய சரக்குதான். ஆனால் கொட்டி வைத்துவிட்டால் தானாக எருவாகிவிடாது. கொட்டி வைத்தது பெரும்பாலும் காய்ந்து போகும், அல்லது அழுகும். இரண்டிலும் சத்து வீணாகிறது. குவியலுக்குள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றுக்குத் தீனி, தண்ணீர், காற்று மூன்றையும் அளவாகக் கொடுப்பது மட்டுமே நம் வேலை. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்று தவறும்போது வருபவை.

நொதித்தல், மட்குதல், கம்போஸ்ட் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகிறது. வேதியியல்படி கறாராகப் பார்த்தால், காற்றில்லாமல் நடப்பதுதான் நொதித்தல். உர வேலையில் இரண்டு வழிகளுக்கும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

முதல் வழியில் காற்று புகும்படி குவித்து, அவ்வப்போது புரட்டிப் போடுகிறோம். குவியல் நன்றாகச் சூடாகும், நாற்றம் குறைவாக இருக்கும், சில வாரங்களில் உருமாறிவிடும். இரண்டாவது வழியில் குழியிலோ பீப்பாயிலோ போட்டுக் காற்றுப் புகாமல் மூடுகிறோம். அங்கே சூடு ஏறாது. வேலை மெதுவாக நடக்கும், புளித்த வாடை வரும். சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் காற்றில்லாத வழிதான். ஜப்பானில் இருந்து பரவிய பொகாஷி முறையும் பெரும்பாலும் இந்த வகையில் சேரும்.

கால்நடைக் கழிவுக்கு நான் எப்போதும் முதல் வழியைத்தான் சொல்வேன். நோய்க்கிருமியையும் களை விதையையும் கொல்வது சூடு. அந்தச் சூடு காற்றுள்ள குவியலில்தான் பிறக்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களும் அந்த வழியைப் பற்றியவை.

பச்சைச் சாணத்தை நேராக வயலில் போட்டால் என்ன?

போடுபவர்கள் இருக்கிறார்கள். நடவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே போட்டு உழுதுவிட்டால் பெரிய சேதம் வராது. பயிர் நிற்கும்போது வேருக்குப் பக்கத்தில் போட்டால்தான் வம்பு. பச்சைக் கழிவிலிருந்து அம்மோனியா கிளம்பும், உப்பும் அதிகம் இருக்கும். இளம் வேர் கருகிவிடும். கோழி எச்சத்தில் இது இன்னும் கடுமை. ஓரம் கருகி இலை சுருண்ட நாற்றை வேரோடு பிடுங்கிப் பார்த்தால், நுனி வேர்கள் பழுப்பேறி நூல்போலத் தொங்கும்.

அடுத்தது கிருமி. ஈ.கோலை, சால்மோனெல்லா, குடற்புழு முட்டைகள் எல்லாம் பச்சைக் கழிவில் உயிரோடு இருக்கலாம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. விளைபொருள் மண்ணில் படும் பயிர் என்றால் அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பும், மண்ணில் படாதது என்றால் 90 நாளுக்கு முன்பும் பச்சை எருவை மண்ணில் கலந்திருக்க வேண்டும். முறைப்படி சூடேறி மட்கிய எருவுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

மூன்றாவது களை. மாடு தின்ற புல்லின் விதை எல்லாம் அதன் வயிற்றிலேயே செத்துவிடுவதில்லை. கணிசமான விதைகள் முளைப்புத் திறனோடு வெளியே வருகின்றன. பச்சைச் சாணம் போட்ட வயலில் போன வருஷம் இல்லாத களை இந்த வருஷம் தலைகாட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

எந்தக் கழிவோடு எதை, எவ்வளவு கலப்பது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு, அதாவது தழைச்சத்துக்கு, சுமார் 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். கழிவில் நைட்ரஜன் தூக்கல். வைக்கோல், சருகு, மரத்தூள், தென்னை நார்க்கழிவு போன்றவற்றில் கார்பன் தூக்கல். மாட்டுச் சாணத்தில் ஒன்றுக்கு 20 என்ற அளவில் கார்பன் இருக்கும். கூளம் கலக்காத கோழி எச்சத்தில் ஒன்றுக்கு 8 அல்லது 10தான். பன்றிக் கழிவில் 10 முதல் 14, குதிரைச் சாணத்தில் 25 முதல் 30. வைக்கோல் 80 வரை போகும். மரத்தூள் பல நூறைத் தொடும், அதனால் அது மட்க வெகு காலம் எடுக்கும்.

கோழி எச்சத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 100 கிலோ ஈர எச்சத்தில் காய்ந்த சரக்கு சுமார் 30 கிலோ. அதில் நைட்ரஜன் ஒன்றரை கிலோ, கார்பன் 12 கிலோ இருக்கலாம். இதோடு 30 கிலோ வைக்கோல் சேர்த்தால் விகிதம் 14தான் வரும். 60 கிலோ சேர்த்தால் 20க்குப் பக்கத்தில் வரும். எச்சத்தின் எடைக்குச் சமமாக 100 கிலோ வைக்கோல் சேர்த்தால்தான் 25ஐத் தொடுகிறது. எச்சத்துக்குச் சரி எடை வைக்கோலா என்று மலைப்பாக இருக்கும். ஆனால் கோழி எச்சக் குவியல் கண் எரியும்படி நாறுவதற்குக் காரணமே இந்தப் பற்றாக்குறைதான். நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடை முழுக்க பயிருக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து. கோழிக் கொட்டகையில் தரையில் பரப்பிய உமியோடும் மரத்தூளோடும் சேர்த்து வாரிய எச்சம் என்றால், கார்பன் ஏற்கெனவே ஓரளவு கலந்திருக்கும். அதற்கு இவ்வளவு வைக்கோல் வேண்டாம்.

மாட்டுச் சாணத்தில் சிக்கல் வேறு மாதிரி. 100 கிலோ பச்சைச் சாணத்தில் 80 கிலோ தண்ணீர்தான். 20 கிலோ வைக்கோல் சேர்த்தாலே கார்பன் கணக்கு 30ஐத் தாண்டிவிடும், ஆனால் ஈரம் 68 சதவீதத்தில் நிற்கும். அந்தச் சொதசொதப்பில் காற்று புகாது. இன்னும் வைக்கோலைக் கொட்டினால் கார்பன் அளவுக்கு மீறும். அதனால் சாணத்தை நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். 30 கிலோ தண்ணீர் வற்றினால் போதும், அதே 20 கிலோ வைக்கோலோடு ஈரம் 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சுருக்கமாகச் சொன்னால், கோழி எச்சத்துக்குக் கார்பனைப் பாருங்கள், மாட்டுச் சாணத்துக்கு ஈரத்தைப் பாருங்கள்.

ஆட்டுப் புழுக்கை நல்ல சரக்கு. ஆனால் வெளித்தோடு காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. வெளுத்துப்போன புழுக்கையை அப்படியே குவித்து வைத்து, ஆறு மாதம் கழித்துக் கிளறியபோது அதே உருண்டைகளாகவே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நசுக்கிவிட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு குவியுங்கள்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். அளக்கக் கருவி தேவையில்லை, கையே போதும். குவியலின் நடுவிலிருந்து ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம். பிடியே நிற்காமல் பொலபொலவென்று கொட்டினால் குறைவு.

மேலாக எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே காய்ந்திருக்கும்போதே உள்ளே ஊறிக் கிடக்கும். இதற்கு நேர்மாறாக, மழை பெய்து மேற்புறம் நனைந்திருக்க, உள்ளே சூட்டில் வெந்து சாம்பல்போல உலர்ந்திருப்பதும் உண்டு.

குவியல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டர். அதற்குக் கீழே போனால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே ஓடிவிடும். அதிகம் இருந்தால் வரப்புபோல நீளமாகப் போடுங்கள். ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மூன்று மீட்டர் அகலம், நீளம் இஷ்டம்போல. அதைவிட உயர்த்தினால் அடிப்பாகம் தன் எடையிலேயே நசுங்கிக் காற்றில்லாமல் போகும். மிகப் பெரிய குவியல் பாதி உலர்ந்த நிலையில் தானாகவே புகைந்து தீப்பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி, தட்டை, மிலார் பரப்பிவிட்டு அதன்மேல் குவிப்பது நல்லது. மேட்டான இடமாகப் பாருங்கள். கிணறு, ஓடை பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குவியலில் இருந்து கசியும் பழுப்புத் தண்ணீர் நிலத்தடி நீரில் கலந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

எவ்வளவு சூடு, எத்தனை நாள்?

சரியாகப் போட்ட குவியல் இரண்டு மூன்று நாளில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 55க்கும் 65க்கும் நடுவே நிற்பது நல்லது. மேலே சொன்ன அதே அமெரிக்க விதிகளின்படி, வரப்புக் குவியல் 55 டிகிரிக்கு மேல் 15 நாள் இருக்க வேண்டும், அந்த நாட்களுக்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். மூடிய கலத்திலோ, அடியிலிருந்து குழாய் வழியே காற்று ஊதும் குவியலிலோ 3 நாள் போதும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. திறந்த குவியலில் ஓரத்தில் உள்ள சரக்குக்குச் சூடு எட்டாது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் உள்ளே போக வேண்டும். ஒரு முறைகூட உள்ளே போகாத சரக்கில் கிருமியும் விதையும் பத்திரமாக இருக்கும்.

70 டிகிரியைத் தொட்டால் சந்தோஷப்படாதீர்கள். அந்தச் சூட்டில் வேலை செய்யும் உயிர்களே பெரும்பாலும் செத்துப்போகும், தழைச்சத்தும் ஆவியாகப் போகும். உடனே புரட்டி, தேவைப்பட்டால் தண்ணீர் தெளித்து ஆற்றுங்கள்.

நீளமான தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை குத்திப் பத்து நிமிஷம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாமல் விட்டுவிட்டால் குவியல் நன்றாக வேலை செய்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் ஏதோ குறைகிறது. இது குத்துமதிப்புதான். கீரையும் காயும் சமைக்காமல் சாப்பிடுவதற்காக வளர்ப்பவர்கள் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை புரட்டுவது?

நாளைவிடச் சூட்டைப் பார்த்துப் புரட்டுவது மேல். ஏறிய சூடு இறங்கத் தொடங்கினால் உள்ளே காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், புரட்டுங்கள். 65ஐத் தாண்டினாலும் புரட்டுங்கள். நடைமுறையில் முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை என்று வரும்.

நான்காம் நாள் காலையில் குவியலை வெட்டித் திறந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. குப்பென்று ஆவி அடிக்கும். வைக்கோல் தாளின்மேல் சாம்பல் தூவியதுபோல வெளுத்த படலம் படர்ந்திருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதைப் பூஞ்சை நோய் என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்க் கூட்டம். கடினமான நாரைத் தின்பது அதன் வேலை. மழை விழுந்த மண்ணின் மணமும் இந்த இனத்தால்தான் வருகிறது. ஆனால் அந்த வெள்ளைப் பகுதி மாவுபோல உலர்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். புரட்டும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஒரு வாரம் ஆகியும் சூடே ஏறவில்லையே?

பிழிந்து பாருங்கள். காய்ந்திருந்தால் புரட்டிக்கொண்டே தண்ணீர் தெளியுங்கள், மேலே ஊற்றினால் ஒரே பக்கமாக வழிந்தோடிவிடும். சொதசொதவென்றிருந்தால் உலர்ந்த கூளம் கலந்து தளர்த்துங்கள். ஈரம் சரியாக இருந்தும் சூடு இல்லையென்றால் கூளம் அதிகமாகி நைட்ரஜன் குறைந்திருக்கலாம், கொஞ்சம் கோழி எச்சமோ மாட்டு மூத்திரமோ சேருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் குவியல் சின்னதாக இருக்கும். அல்லது வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த சாணமாக இருக்கும், அதில் சூடு கிளப்பும் தீனி மிச்சமிருக்காது.

நாற்றம் தாங்க முடியவில்லை. என்ன செய்வது?

என்ன நாற்றம் என்று முதலில் கவனியுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறிக் கண்ணில் நீர் வந்தால் அது அம்மோனியா, கூளம் சேருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றில்லை, புரட்டித் தளர்த்துங்கள். எதுவானாலும் முடித்ததும் மேலே நாலு விரற்கடை உயரத்துக்குப் பழைய எருவையோ சருகையோ போர்த்திவிடுங்கள். கிளம்பும் வாடையில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும்.

நுண்ணுயிர்க் கரைசல் வாங்கி ஊற்றினால்தான் நொதிக்குமா?

இல்லை. சாணத்திலேயே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. குவியல் வேலை செய்யாததற்குக் கிருமி போதாதது காரணமாக இருப்பது மிக அபூர்வம். காற்றும் ஈரமும் இல்லாத குவியலில் எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் அந்த உயிர்களும் செத்துத்தான் போகும். முன்பு மட்கிய நல்ல எரு இருந்தால் பத்தில் ஒரு பங்கு கலந்துவிடுங்கள். தேவையான கூட்டம் அதிலேயே இருக்கிறது.

டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்ப்பதில் பலன் உண்டு, ஆனால் நேரம் பார்த்துச் சேர்க்க வேண்டும். சூடு ஏறும் முன் கலந்தால் அது வெந்துவிடும். குவியல் ஆறி, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கும் கீழே வந்த பிறகு கலந்து, நிழலில் ஈரமாக வைத்திருங்கள்.

சுண்ணாம்பும் சாம்பலும் சேர்க்கலாமா?

பச்சைக் கழிவில் சேர்க்காதீர்கள். காரத்தன்மை கூடினால் அம்மோனியா வேகமாகக் கிளம்பும். ஜிப்சம் கொஞ்சம் தூவலாம், அது அம்மோனியாவைப் பிடித்து வைக்க உதவும்.

ஈயும் புழுவும் மொய்க்கின்றன. வெள்ளையாகக் கட்டைவிரல் தடிமனில் புழு இருக்கிறது, அது நல்லதா?

சிறிய புழுக்கள் ஈயின் குஞ்சுகள். சூடேறிய உட்பகுதியில் அவை பிழைக்காது, ஓரத்தில்தான் இருக்கும். ஓரத்தை வெட்டி உள்ளே தள்ளிப் புரட்டினால் ஒழிந்துவிடும்.

தடித்து, ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைந்து, பழுப்புத் தலையோடு இருப்பது வண்டின் புழு. காண்டாமிருக வண்டு எருக்குழி போன்ற மட்கும் இடங்களில்தான் முட்டையிடும். வளர்ந்த வண்டு தென்னைக் குருத்தைக் குடையும். இதை மண்ணுக்கு நல்லது என்று விட்டுவைக்க வேண்டாம், பொறுக்கி அழித்துவிடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சை நிறப் பூஞ்சையைக் கலந்தாலும் அந்தப் புழுக்களுக்கு நோய் பிடித்துச் சாகும். மாதக்கணக்கில் புரட்டாமல் ஆறிக் கிடக்கும் குழிகளில்தான் இவை பெருகுகின்றன.

எரு தயாராகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

சூடான கட்டம் முடிந்ததும் பலர் வயலுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் சும்மா கிடந்து முதிர வேண்டும். முதிராத எரு மண்ணில் போனாலும் நொதித்துக்கொண்டே இருக்கும். பயிருக்கு வேண்டிய நைட்ரஜனை நுண்ணுயிர்களே இழுத்துக்கொண்டு பயிர் மஞ்சளிக்கும்.

புரட்டி, ஈரமாக்கி விட்டும் மறுபடி சூடு ஏறாவிட்டால் முதல் அடையாளம். கருத்து, உதிர்ந்து, மண்வாசனை வந்து, சாணமும் வைக்கோலும் தனித்தனியாகத் தெரியாமல் போவது அடுத்தது. அளவும் பாதியாக வற்றியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஈர எருவை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ அம்மோனியாவோ வந்தால் இன்னும் நாள் வேண்டும். கடைசியாக, எருவும் மண்ணும் சரிபாதி கலந்து ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொன்றிலும் வைத்து முள்ளங்கி விதை போட்டுப் பாருங்கள். இரண்டிலும் முளைப்பு ஒன்றுபோல இருந்தால் தைரியமாகப் போடலாம்.

மண்புழுவை எப்போது விடுவது?

ஆறிய பிறகுதான். 30 டிகிரிக்கு மேல் மண்புழு தவிக்கும், அம்மோனியா இருந்தால் செத்துவிடும். முதலில் பத்துப் பன்னிரண்டு புழுவை மட்டும் ஒரு மூலையில் விட்டு, மறுநாள் உள்ளே இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றை விடுங்கள்.

மருந்தும் களைக்கொல்லியும் மட்கிவிடுமா?

ஆன்டிபயாடிக் எச்சங்களில் பல சூட்டில் நன்றாகக் குறைகின்றன, எல்லாம் அல்ல. தீவனத்தில் கலக்கும் செம்பும் துத்தநாகமும் உலோகம் என்பதால் அழியவே அழியாது. குவியல் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். பன்றி, கோழிப் பண்ணை எருவை வருஷா வருஷம் ஒரே நிலத்தில் கொட்டுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அமினோபைரலிட், குளோபைரலிட் என்ற களைக்கொல்லிகள். இவை தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றையும் தாண்டி, குவியலின் சூட்டையும் தாண்டி எருவில் நிற்கும். தக்காளி, அவரை, பீன்ஸ் எல்லாம் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். தீவனம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், தொட்டியில் எரு கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். இலை நேராக விரிந்தால் பயமில்லை.

இந்த எரு மட்டும் போதுமா? எவ்வளவு போடுவது?

காய்ந்த எடையில் தழைச்சத்து பொதுவாக 1 முதல் 2 சதவீதம், கோழி எருவில் கொஞ்சம் கூடுதல். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது சிறு பங்குதான். மீதி அடுத்தடுத்த பருவங்களில் மெதுவாக வரும். ஹெக்டேருக்கு 10 முதல் 20 டன் என்பது பொதுவான அளவு. தழைச்சத்துத் தேவை முழுவதையும் எருவாலேயே நிரப்ப முயன்றால் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். பயறு வகைகளையும் பசுந்தாள் உரத்தையும் சுழற்சியில் சேர்த்துக்கொண்டு, எருவை அளவாகப் போடுவதுதான் சரி.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாணம் கிடைக்கிறது. எப்படிக் குவிப்பது?

தினமும் ஒரே குவியலில் கொட்டிக்கொண்டே போனால் அதற்கு வயது என்றே ஒன்று இருக்காது. ஒரு பக்கம் வெந்திருக்கும், இன்னொரு பக்கம் பச்சையாக இருக்கும். மூன்று இடம் ஒதுக்குங்கள். முதலாவதில் தினசரிச் சாணத்தைக் கூளத்தோடு அடுக்கி, மழையும் வெயிலும் படாமல் மூடிச் சேர்த்து வையுங்கள். ஒரு மீட்டர் உயரம் சேர்ந்ததும் மொத்தமாக வெட்டிக் கலந்து, ஈரம் பார்த்து, இரண்டாவது இடத்தில் புதிதாகக் குவியுங்கள். அந்த நாள்தான் கணக்குக்கு முதல் நாள், தேதியை ஒரு பலகையில் எழுதிச் செருகிவிடுங்கள். அதன் சூடு அடங்கியதும் மூன்றாவது இடத்துக்கு மாற்றி, கூரையோ தார்ப்பாயோ போட்டு முதிர விடுங்கள். அதற்குள் முதல் இடம் மறுபடி நிரம்பியிருக்கும்.